என் தலைமேல் இரண்டு சத்தியம்

கொழுந்துக் கூடை சுமந்து முதுகு தேய்ந்த என் வயதுக்காரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இளசுகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். போன வாரம் இந்தக் கேமரன் மலையில் எங்கள் பிரிஞ்சாங் அடுக்குமாடிக்குக் கீழே ஓட்டுக் கேட்டு ஒரு கார் வந்து நின்று பாட்டுப் போட்டது. சட்டை மடிப்புக் கலையாத பையன்கள் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தன் மூக்கில்கூட ரத்தம் இல்லை. இதுவும் ஒரு தேர்தலா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் செத்துப்போனார். ரிங்லெட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அவர் உயிரோடு இருந்தவரை எங்கள் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகள் அத்தனைக்கும், ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். அவர் செத்துப் பதினைந்து நாளில் இரண்டாவது குழாய் வந்தது. குழாய்தான் வந்தது, தண்ணீர் வரவில்லை. அதில் என் அம்மா அடுப்படித் துணியைக் காயப்போட்டாள்.

அவர் இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்குக் குடைச் சின்னம். இன்னொருவருக்குச் சாவிச் சின்னம். குடை, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணியின் கட்சி. சாவி என் சித்தப்பாவின் கட்சி. சித்தப்பா அப்பாவுக்குத் தம்பி, பக்கத்து வீடு. தொழிற்சங்கத்தில் இருந்தார். லயத்திலேயே அவரிடம் மட்டும்தான் ரேடியோ இருந்தது. முன்பக்கம் பச்சைத் துணி போட்ட ரேடியோ. அது சூடானால் தூசி கருகும் வாசனை வரும். அந்த வாசனைக்காகவே நான் அதன் பின்னால் போய் உட்காருவேன்.

நீல ஐ.சி., அதாவது குடியுரிமை உள்ள அடையாள அட்டை, வைத்திருந்தவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு. சிவப்பு ஐ.சி.க்காரர்கள் இந்த மலையில் உழைக்கலாம், பிள்ளை பெறலாம், சாகலாம், ஓட்டு மட்டும் போட முடியாது. எங்கள் லயத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் சிவப்பு. அம்மாவுக்கும் சிவப்பு, சித்தப்பாவுக்கும் சிவப்பு. நீலம் இருந்தது ஆறு வீட்டில், வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அதில் ஒருவர் என் அப்பா.

"ஒங்களுக்குப் போயி நீலம் குடுத்தானே, அவன் கண்ணு நொள்ளக் கண்ணா?" என்று அம்மா சீண்டுவாள். அப்பா யோசிப்பார். பதில் வருவதற்குள் அம்மா அடுப்பை மூட்டி முடித்திருப்பாள். அப்பாவை எல்லாரும் மந்தம் என்றுதான் சொல்வார்கள். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும் ஆண்கள் கூட்டத்தில் அவருக்கு வேலை. வெட்டில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பேச்சில் அவருக்குப் பின்னால் நிற்கவும் ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு வீட்டுக்காரர்களும் மூத்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வரவேண்டும் என்று பெரிய கங்காணி ஆள் அனுப்பினார். பிள்ளைக்கு ஏதோ கொடுக்கப் போகிறார்கள் என்று அம்மா எனக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டாள்.

கங்காணி சாமிக்கு முன்னால் தட்டில் சூடம் கொளுத்தி வைத்திருந்தார். "எடது கைய புள்ள தலையில வை. வலது கையால சூடத்த அணைச்சி சத்தியம் பண்ணு. கொடைக்குத்தான் போடுவேன்னு சொல்லு. மாறிப் போட்டா இந்தப் புள்ளைய ஆத்தா எடுத்துக்கட்டும்னு சொல்லு."

முதலில் நின்றவர் தயங்கினார். "புள்ள மேல வேணாங்க. எம் மேல பண்றேன்" என்றார்.

அடிப்பதற்குக் கங்காணி செருப்பைக் கழற்றவில்லை. கோயில் என்பதால் ஏற்கெனவே கழற்றித்தான் இருந்தது. வெறுங்கையால் அவர் காதோடு சேர்த்து அறைந்தார். அவர் வெற்றிலைச் சாறும் ரத்தமுமாகத் துப்பிவிட்டு மகள் தலையில் கையை வைத்தார். அந்தப் பெண் எனக்கு ஒரு வகுப்பு மேலே. பாவாடையோடு மூத்திரம் போய்விட்டாள்.

அடுத்து அப்பா. அவருடைய கை என் தலையில் பாரமாக விழுந்தது. கவாத்துக் கத்தி பிடித்துக் காய்ப்பேறிய கை. சூடத்தை அணைத்தபோது உள்ளங்கைத் தோல் பொசுங்கும் வாசனை வந்தது. கங்காணி சொல்லிக்கொடுத்ததை அப்பா ஒரு சொல்கூட விடாமல் திருப்பிச் சொன்னார். என்னை ஆத்தாளுக்குக் கொடுப்பதாகவும் சொன்னார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அவர் பதில் சட்டென்று வந்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு லயம் லயமாக இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குடைக் கட்சி, சாவிக் கட்சி என்று பிரிந்து கல்லெறிந்தார்கள். கங்காணி மகள் என்னைப் பார்த்து, "நீ செத்தா ஒன் புதுப் பாவாடைய நான் எடுத்துக்குவேன்லா" என்றாள். நான் எழுதும் பலகையால் அவள் நெற்றியில் அடித்தேன். பலகை இரண்டாக உடைந்தது. அவள் புருவத்துக்கு மேலே பிளந்து கண் முழுக்க ரத்தம். வாத்தியார் என் முழங்காலைப் பிரம்பால் விளாசினார். நான் அழவில்லை. சாகப்போகிறவளுக்கு முழங்கால் எதற்கு?

அந்த வாரமே மலைக்குக் கீழே தாப்பாவிலிருந்து ஒரு லோரி நிறையக் குடைக் கட்சி ஆட்கள் வந்தார்கள். சித்தப்பா தோட்டத்துக் கடைக்கு முன்னால் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். லோரியிலிருந்து இறங்கியவர்கள் எதுவும் கேட்கவில்லை. சைக்கிள் சங்கிலியைக் கையில் சுற்றியிருந்தார்கள். சித்தப்பாவைக் கீழே தள்ளி நான்கு பேர் மிதித்தார்கள். ஒருத்தன் அவர் வீட்டுக்குள் போய் ரேடியோவைத் தூக்கிவந்து அவர் தலைமேல் போட்டான். அது உடைந்து உள்ளே இருந்த கண்ணாடிக் குமிழ்கள் பட்டுப்பட்டென்று வெடித்தன. பச்சைத் துணி அவர் மண்டையில் ஒட்டிக்கொண்டு கறுப்பாக நனைந்தது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினார்கள். ஆண்கள் அவரவர் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் அப்பாவும் நின்றார்.

இரண்டு நாள் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் சித்தப்பா எங்கள் வீட்டுக்குள் வந்தார். தலையில் வேட்டித் துணிக் கட்டு. ஒரு கண் மூடியிருந்தது. கையில் ஒரு தட்டு, தட்டில் சூடம்.

"அண்ணே, நீ எங்கூடப் பொறந்தவன்தானே?"

"ஆமா."

"என்னைய அடிக்கிறப்ப பாத்துக்கிட்டு நின்ன."

அப்பா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பரவால்ல. அத விடு. இப்ப கைய வையி. இவ தலையில. சாவிக்குப் போடுவேன்னு சொல்லு."

"டேய், அங்க ஏற்கனவே..."

"அது அடிச்சி வாங்குன சத்தியம். ஆத்தா அதக் கணக்குல வச்சிக்கமாட்டா. நான் அடிக்கல. கேக்கறேன்."

அம்மா அடுப்படியிலிருந்து கொள்ளிக்கட்டையோடு எழுந்து வந்தாள். "ஒங்க ரெண்டு கச்சிக்கும் எம்புள்ள தலதான் கெடச்சிச்சா? வெளிய போங்க கொழுந்தனாரே!"

சித்தப்பா அசையவில்லை. கட்டுக்குள்ளிருந்து ஒரு கோடு ரத்தம் காதோரமாக இறங்கியது. அப்பா அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கையைத் தூக்கி என் தலையில் வைத்தார். அம்மா கொள்ளியை ஓங்கி அப்பாவின் தோளிலேயே அடித்தாள். நெருப்பு சிதறியது. சட்டை கருகியது. அப்பா கையை எடுக்காமல் சத்தியத்தைச் சொல்லி முடித்தார்.

சித்தப்பா அன்று மற்ற ஐந்து வீட்டுக்கும் போனார். அவருடைய ரத்தத்தைப் பார்த்து யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே ஆறு பிள்ளைகளுக்கும் தலைமேல் இரண்டு சத்தியம்.

இப்போது நினைத்தால் தெரிகிறது, கங்காணியும் சித்தப்பாவும் எங்களைக் கொல்ல நினைக்கவில்லை. பிள்ளைகள் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் புத்திக்கு வரவில்லை. நாங்கள் ஆறு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தனியாக உட்காருவோம். மற்ற பிள்ளைகள் எங்களைத் தொடமாட்டார்கள். குடைக்குப் போட்டால் சாவிச் சத்தியம் பொய். சாவிக்குப் போட்டால் குடைச் சத்தியம் பொய். யார் ஜெயித்தாலும் நாங்கள் போய்விடுவோம். ஆறு பேரில் சின்னவன், "வலிக்குமா?" என்று என்னைக் கேட்டான். நான்தான் மூத்தவள்போல் இருந்தேன். "அம்மை போட்டுத்தான் எடுத்துக்குவா. மொதல்ல அரிக்கும்" என்றேன். அவன் அன்றிலிருந்து உடம்பைச் சொறிந்துகொண்டே இருந்தான்.

ஓட்டுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், அப்பா வாசல்கல்லில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, நான் ஓட்டு அன்னிக்கே செத்துருவனா? இல்ல எண்ணி முடிச்சப்புறமா?"

கத்தி கல்லிலேயே நின்றது. "யாரு சொன்னா?"

"நீங்கதான சொன்னீங்க. ரெண்டு தடவ."

அப்பாவின் முகத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. நெடுநேரம் கத்தியின் முனையைக் கட்டைவிரலால் தடவினார். விரல் வெட்டுப்பட்டது. அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

"போவாமலே இருந்துடவா?" என்றார். என்னைத்தான் கேட்டார்.

"அப்ப ரெண்டும் பொய்யாயிடுமே."

"ஆமால்ல."

"ரெண்டுக்கும் போட்டுடுங்கப்பா. சண்ட போட்டுக்கிட்ட ரெண்டு வீட்டுக்கும் அம்மா பொங்கல் குடுத்தனுப்புதுல்ல? ரெண்டு வீடும் கோச்சிக்காது. அந்த மாதிரி. கொடைக்கும் ஒண்ணு, சாவிக்கும் ஒண்ணு."

"அப்படிப் போட்டா செல்லாதும்மா."

"கச்சிக்குத்தான செல்லாது. ஆத்தாளுக்குச் செல்லும்ல?"

அப்பா சிரித்தார். அவருடைய சிரிப்பு மெதுவாகத்தான் வரும். முதலில் கண், பிறகு மீசை, பிறகு பல். எழுந்து கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் கவாத்துக் காட்டில் மற்ற ஐந்து பேருக்கும் சொல்லிவிட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஐந்து பிள்ளைகளும் மறுநாள் சிரித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள். சின்னவன் சொறிவதை நிறுத்தியிருந்தான்.

ஓட்டு எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. கங்காணி வாசலில் நின்று ஒவ்வொருவர் கண்ணையும் உற்றுப் பார்த்து உள்ளே விட்டார். எதிரில் சித்தப்பா கட்டுப்போட்ட தலையோடு நின்றார். ஆறு பேரும் இரண்டு பேரையும் கும்பிட்டார்கள். எங்கள் ஓட்டுப் பெட்டி எண்ணுவதற்குத் தானா ராத்தா பட்டணத்துக்குப் போனது.

மறுநாள் காலையில் ரொட்டிக்காரர் செய்தி கொண்டுவந்தார். சாவி நாலே நாலு ஓட்டில் தோற்றது. எங்கள் பெட்டியில் ஆறு சீட்டு செல்லாமல் போயிருந்தது, ஆறிலும் இரண்டு சின்னத்துக்கும் பென்சில் கோடு. எண்ணும் இடத்தில் இருந்த இரண்டு கட்சிக்காரர்களும் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

சித்தப்பாவுக்கு அந்த ஆறு ஓட்டும் தன்னுடையது. அவர் ரத்தம் கொடுத்து வாங்கியவை. கங்காணிக்கோ, ஜெயித்தும் மானம் போயிற்று. "என் தோட்டத்தில் ஒரு ஓட்டுகூடப் பிசகாது" என்று துரை முன்னால் பேசிவிட்டு வந்தவர். மூன்று வாரமாக ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள அலைந்தவர்கள், அன்று மத்தியானம் ஒன்றாக மலையேறி வந்தார்கள். நான் பார்த்த ஒற்றுமையில் பெரிய ஒற்றுமை அதுதான்.

பள்ளி விட்டு நாங்கள் ஆறு பேரும் கவாத்துக் காட்டு வழியாக வந்துகொண்டிருந்தோம். சத்தம் கேட்டதும் மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கிக் குனிந்துகொண்டோம். கவாத்து வெட்டிய காடு உங்களுக்குத் தெரியும். இலை இருக்காது. முழங்கால் உயரத்துக்குக் குச்சி குச்சியாக, சாய்வாகச் சீவிய முனை, ஆணி மாதிரி நிற்கும்.

முதலில் கோயிலில் அறை வாங்கியவரைப் பிடித்தார்கள். ஒரே அடி. "அந்த அண்ணன்தான் சொன்னாரு" என்று என் அப்பாவைக் கைகாட்டினார். கங்காணியின் ஆட்கள் அப்பாவின் காலைப் பிடித்து அந்தக் குச்சிகள் மேலேயே இழுத்தார்கள். சட்டை கிழியும் சத்தமும் தோல் கிழியும் சத்தமும் வேறு வேறு. நான் இரண்டையும் கேட்டேன்.

"யாருடா சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

"என்னது?"

"எனக்குத்தான் தோணுச்சு."

கங்காணி சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். "ஒனக்கா? ஒனக்குத் தோணுச்சா? சோறு தின்னோமான்னு பொண்டாட்டியக் கேக்கறவன் நீ." முகத்தில் மிதித்தார். "பேரச் சொல்லு."

அப்பா மந்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு யோசனை அவருக்கு வராது என்பதும் தெரியும். அதனால்தான் அவ்வளவு நேரம் அடித்தார்கள். கெட்டிக்காரனாக இருந்திருந்தால் அவர் சொன்னதை நம்பி இரண்டு அடியோடு விட்டிருப்பார்கள். அப்பாவை ஏவிவிட்டது கங்காணிதான் என்று ஒரு கூட்டமும், கங்காணியை ஏமாற்றச் சித்தப்பாவே திட்டம் போட்டார் என்று ஒரு கூட்டமும் நடுவிலேயே ஒருவரையொருவர் அறைந்துகொண்டார்கள். பிறகு திரும்பவும் அப்பாவிடமே வந்தார்கள்.

கடைசியில் சித்தப்பா அப்பாவின் கத்தியையே எடுத்தார். மொட்டைப் பக்கத்தைத் திருப்பிப் பிடித்தார். "ஒருவாட்டி கேக்கறேண்ணே. யாரு?"

அப்பா தலையைத் திருப்பினார். கானில் என் கண்கள் அவருக்குத் தெரிந்தன. தெரிந்தது என்று எனக்கும் தெரியும். ஒரு கணம்தான். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நான்தான்டா தம்பி. சத்தியமா நான்தான்" என்றார்.

கத்தி இறங்கியது. வலது மணிக்கட்டு விறகு முறிவதுபோல் முறிந்தது. இன்னொரு அடி. இன்னொன்று.

என் வயதுக்காரிகளே, இதை உங்களிடம் மறைக்கமாட்டேன். அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், என் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தை, கையை, வயிற்றை. அம்மை இல்லை. அரிப்பு இல்லை. எண்ணி முடித்தாயிற்று, நான் சாகவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சிரிப்பு வெளியே வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சின்னவன்தான் பக்கத்தில் நின்று அழுதான்.

அம்மா மேல்மலையிலிருந்து வந்தாள். கொழுந்து கிள்ளும் பெண்கள் எல்லாரும் கூடையோடு பின்னால் ஓடிவந்தார்கள். செடியின் மட்டம் பார்த்துக் கிள்ளுவதற்குச் செடிமேல் போடும் நீளக் கம்பு அம்மாவின் கையில் இருந்தது. சித்தப்பாவின் தலைக்கட்டைக் குறிவைத்து அடித்தாள். அவர் விழுந்தார். கம்பு முறிந்தது. முறிந்த துண்டால் கங்காணியின் வாயில் குத்தினாள். முன்பல் இரண்டு போயிற்று. மற்றப் பெண்கள் கூடையைக் கவிழ்த்து ஆண்களின் தலையில் மாட்டி அடித்தார்கள். காடெல்லாம் பச்சைக் கொழுந்து, ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு. சிவப்பு ஐ.சி.க்காரிகள் அந்தத் தேர்தலில் போட்ட ஓட்டு அதுதான்.

அப்பாவின் கை கூடவில்லை. வலது கை மணிக்கட்டிலிருந்து உள்பக்கம் மடங்கியே நின்றது. கத்தி பிடிக்க முடியாதவரைப் பெண்களோடு கொழுந்து கிள்ள அனுப்பினார்கள். ஆண்கள் கேலி செய்தார்கள். அவர் இடது கையால் கிள்ளினார், தன் பாட்டுக்கு, மெதுவாக. யார் சொல்லிக்கொடுத்தது என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். அவளிடமும் சொல்லவில்லை. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் கல்யாணமாகிப் போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார்.

சித்தப்பா அந்த மாதமே மலையை விட்டு இறங்கிவிட்டார். பல வருஷம் கழித்து, ஈப்போவில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். பந்தியில் நான் பாயசம் ஊற்றிக்கொண்டு போனேன். அவருக்குப் பல் எல்லாம் விழுந்து கன்னம் ஒட்டியிருந்தது. என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒங்கப்பன் கடைசிவரைக்கும் பேரச் சொல்லலம்மா."

"அப்படியா சித்தப்பா?"

"எவனோ ஒருத்தனக் காப்பாத்துனான். எங்கண்ணன் கைய நானே ஒடச்சேன், எவனோ ஒரு நாய்க்காக. அந்த நாயி எவன்னு தெரிஞ்சா நிம்மதியாப் போயிடுவேன். ஒனக்கு எதாச்சும் சொன்னானா?"

ஒரு சொல் சொன்னால் போதும். என்னை அடிக்கக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. அப்பா எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தாரோ அந்தப் பயம் தீர்ந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

அந்த யோசனை என்னுடையது. ஆறு பிள்ளைகளின் உயிருக்காக ஒன்பது வயதில் எனக்குத் தோன்றியது. அதற்காக நான் தலைகுனியமாட்டேன், இன்றைக்கும். கானுக்குள் சந்தோஷமாக நின்றதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில்.

"இல்லயே சித்தப்பா. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அவர் முந்தானையை விட்டார். இலையைத் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார். ஊற்றினேன்.